வாசகர் கேள்வி–பதில்: காட்பாடியில் நான்கு நாள் தங்க வேண்டும், லாட்ஜா, வீடா?

கேள்வி: என் மகளுக்குக் காட்பாடியில் உள்ள வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. சேர்க்கைக்காக என் மனைவி, மகள் ஆகியோருடன் சர்க்கரை நோயாளியான என் தாயாரையும் அழைத்துக்கொண்டு வந்து நான்கு நாள்கள் தங்க வேண்டியுள்ளது. வழக்கம்போல் லாட்ஜில் தங்குவதா? காலை டிபனுடன் வீட்டிலேயே அறை கொடுக்கிறார்களாம், அங்கே தங்குவதா? எதைப் பார்த்து முடிவு செய்வது? – ஒரு வாசகர், திருநெல்வேலி.

பதில்: வயதான தாயார் உடன் வருவதால், நல்ல வீடு கிடைக்குமானால் வீட்டையே தேர்ந்தெடுங்கள் என்பேன். வேலூரின் லாட்ஜுகள் மாணவர்களின் பெற்றோரை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை இன்றைய சி.எம்.சி.யாக வளர்ந்தபோது, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கும் நோயாளிகளுக்காகவே அதைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜுகள் பெருகின. பல்கலைக்கழகமோ 1984-இல் பொறியியல் கல்லூரியாகப் பாலாற்றுக்கு இந்தப் பக்கம், காட்பாடியில் தொடங்கப்பட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அறை எடுத்துவிட்டு, சேர்க்கை நாளின் காலை நெரிசலில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து வருவதைவிட, காட்பாடியிலேயே தங்குவது உடம்புக்கும் மனத்துக்கும் நல்லது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காட்பாடி சந்திப்பில் இறங்கினால், அங்கிருந்து ஆட்டோவில் சிறிது நேரத்தில் பல்கலைக்கழக வாசலுக்குப் போய்விடலாம்.

ஆனால் ‘ஹோம்ஸ்டே’ என்று பலகை மாட்டிய எல்லாமே வீடு அல்ல. உரிமையாளரும் குடும்பமும் அந்தக் கட்டடத்திலேயே குடியிருக்கிறார்களா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. மத்திய சுற்றுலா அமைச்சகம் இத்தகைய வீடுகளை வெள்ளி, தங்கம் எனத் தரம் பிரித்துப் பதிவு செய்யும் திட்டத்திலும் இது அடிப்படை நிபந்தனை. வாடகைக்கு விடும் அறைகள் ஆறுக்கும், படுக்கைகள் பன்னிரண்டுக்கும் மேல் போகக் கூடாது என்பது அதில் இன்னொரு நிபந்தனை. உரிமையாளர் வேறு ஊரில் இருக்க, சாவியை ஒரு பையன் கொண்டுவந்து கொடுக்கிறான் என்றால், அது வீட்டு வேடம் போட்ட லாட்ஜ். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரில் நானே அப்படி ஏமாந்தேன். படத்தில் ஊஞ்சலும் பித்தளைக் கூஜாவும் இருந்தன. போய்ப் பார்த்தால் ஊஞ்சல் மட்டும் இருந்தது, வீட்டுக்காரர்கள் இல்லை. ‘வீட்டுச் சிற்றுண்டி’ என்பது முனைக்கடை இட்லிப் பொட்டலமாக ஒன்பதரை மணிக்கு வந்தது; எங்களுக்கு வேலை ஒன்பது மணிக்கு. அதற்குப் பிறகு, முன்பணம் அனுப்புவதற்கு முன் காலை ஏழு மணிக்கு ஒருமுறை அழைத்துப் பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். பேச்சின் பின்னால் குக்கர் விசில் கேட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். காட்பாடி வட்டாரத்தில் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கும். குளிக்க எந்தத் தண்ணீர், குடிக்கக் கேன் தண்ணீரா, காவிரித் தண்ணீரா என்று கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளும் வேலூர்க்காரர் யாரும் இல்லை. மூன்றாவது, அறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை அந்தச் சூட்டை இரவில்தான் அறைக்குள் இறக்கும் என்பதால், மொட்டை மாடிக்கு நேர்கீழ் உள்ள அறையில் நள்ளிரவு வரையில் மின்விசிறி அனல் காற்றையே வீசும். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி நான் திருநெல்வேலிக்காரருக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான்; ஆனாலும் மலைகளும் பாறைகளும் சூழ்ந்த இந்த ஊரில் மே மாதம் நாற்பது பாகையைத் தாண்டுவது புதிதல்ல, பருவமழைக்கு முந்தைய மாதங்களிலும் புழுக்கம் விடாது. எனவே ஏ.சி. இருக்கிறதா என்பதைவிட, கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா என்று கேளுங்கள். தாயாரின் முழங்காலுக்கும் அதுவே நல்லது. கழிப்பறை எந்த வகை என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

சிற்றுண்டியைப் பொறுத்தவரை, வீட்டில் தங்குவதன் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. இட்லியும் அதற்குத் தோதாகக் கத்தரிக்காய்க் கடையலும் இந்த வட்டாரத்துக் காலை உணவு. வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தாயாருக்கு அரிசி குறைவாக வேண்டும் என்று முந்தைய நாள் மாலையே சொல்லி வைத்தால், கேழ்வரகுக் கூழோ அடையோ செய்து தரக்கூடிய வீடுகள் வட ஆர்க்காட்டில் இன்னும் நிறைய உண்டு. மாத்திரை போட்ட பிறகு எத்தனை மணிக்குள் அவர் சாப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். லாட்ஜில் இதை யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? பதிலுக்கு நீங்களும் இரவு கேட் பூட்டும் நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும். அது தொந்தரவு என்று தோன்றுகிறவர்களுக்கு லாட்ஜே ஏற்றது.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டதால் மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன. காலைச் சிற்றுண்டியுடன் வாடகைக்கு விடலாமா? – ஒரு வாசகர், காந்தி நகர், காட்பாடி.

பதில்: விடலாம். ஆனால் முதலில் உங்கள் மனைவியைக் கேட்டீர்களா? கேள்வியில் அவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஐந்து மணிக்கு எழுந்து முன்பின் அறியாதவர்களுக்குச் சட்னி அரைக்கப் போகிறவர் அவர் என்றால், முடிவும் அவருடையதாகவே இருக்கட்டும். வருமானத்தில் அவர் உழைப்புக்குத் தனியே ஒரு பங்கை ஒதுக்கிவிட்டுப் பிறகு அறை வாடகையைக் கணக்கிடுங்கள்.

சில நாள்கள் தங்கிப் போகும் விருந்தினர்களுக்கு விடுவதும், மாதக்கணக்கில் மாணவிகளைத் தங்கவைப்பதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. முன்னதற்குச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்துகொள்வது நல்லது. பின்னது மகளிர் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்துக்குள் வரக்கூடியது. அதற்கு மாவட்ட ஆட்சியரிடம் பதிவும் உரிமமும் தேவை. ‘இரண்டு பெண்கள்தானே’ என்று தொடங்கிப் பிறகு சிக்கிக்கொள்ளாதீர்கள். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களும் படிப்பதால் அவர்களுடைய பெற்றோர் உங்களிடம் வரலாம். வெளிநாட்டவர் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் அதிகாரிகளுக்குத் தகவல் தருவது வீட்டுக்காரரின் கடமை. உள்நாட்டவரிடம் அடையாளச் சான்று வாங்கும்போது, கடைசி நான்கு எண்கள் மட்டுமே தெரியும் மறைப்பு ஆதார் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு யோசனை: பத்து வகை டிபன் என்று விளம்பரம் செய்யாதீர்கள். வீட்டில் அன்று என்ன செய்கிறீர்களோ அதையே இரண்டு தட்டு கூடுதலாகச் செய்யுங்கள். வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள்.

கேள்வி: தங்கும் வீட்டில் சைவம் மட்டும்தான் என்றால், வெளியிலிருந்து பிரியாணி வாங்கிவந்து அறையில் சாப்பிடலாமா? – ஒரு வாசகர், குடியாத்தம்.

பதில்: அறையைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள், அவர்கள் மறுத்தால் கடையிலேயே இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஆம்பூர் பிரியாணி ஆறிப்போவதற்குள் சாப்பிட வேண்டியது, பொட்டலத்தில் அதன் பாதி மணம் போய்விடும். ஆனால் உணவைப் பற்றிய விசாரிப்பு மெல்ல ‘நீங்கள் என்ன ஆளுங்க?’ என்று திரும்புமானால், முன்பணம் அனுப்பாமல் வேறு வீடு பாருங்கள்.