கப் அடியில எஸ் மாதிரி விரிசல் வருதா? சூளையை விட்டுட்டு அடியை பாருங்க

கேள்வி: வீட்லயே சின்ன ஸ்டுடியோ போட்டு வீல்ல (குயவர் சக்கரம்) மண் கப் செய்றேன். காயுறப்போ நல்லாதான் இருக்கு, சூளையில முதல் தடவை சுட்டதுக்கு அப்புறம் பாத்தா அடியில எஸ் வடிவத்துல விரிசல். சிலதுல கைப்பிடி ஒட்டுன இடமும் பிளந்துடுது. சூளை சூடு ஜாஸ்தியா?

பதில்: பெரும்பாலும் சூளை மேல தப்பு இருக்காதுங்க. விரிசல் வீல்லயும் காய வைக்கிற பலகையிலயும் ஆரம்பிச்சுடும், சூட்டுல விரிஞ்சு கண்ணுக்கு தெரியுது. களிமண் காயுறப்பவே சுமாரா 5-லருந்து 8 சதவீதம் சுருங்கும், எல்லா இடமும் ஒண்ணா சுருங்குனா ஒண்ணும் ஆகாது, ஆனா விளிம்பு மெல்லிசு, காத்து படும், முதல்ல காஞ்சு இறுகிடும், அடி இன்னும் ஈரமாவே இருக்கும், அது அப்புறமா சுருங்கப் பாக்குறப்போ இழுத்துக்கிட்டு கிழியுது.

அடி மட்டும் ஏன் வீக்கா இருக்குன்னா, சுவரை மேல இழுக்குறப்போ விரலுக்கு நடுவுல மண் நல்லா அமுங்கிடுது, அடிக்கு அந்த அழுத்தம் கிடைக்கறதே இல்ல. அதனால வீல்ல மண் உருண்டை நடுவுல குழி தோண்டின உடனே விரலாலயோ மரக்கட்டையாலயோ நடுவுலருந்து ஓரத்துக்கு, ஓரத்துலருந்து நடுவுக்குன்னு நாலஞ்சு தடவை அழுத்தி தேய்ங்க. உள்ள தேங்குற தண்ணிய ஸ்பாஞ்ச்ல ஒத்தி எடுத்துடுங்க, இத நிறைய பேர் விட்டுடறாங்க. ஒரு கப்பை சுடாம ஈரமா இருக்கப்பவே கம்பியால ரெண்டா அறுத்து பாருங்களேன், அடி சுவரை விட ரெண்டு மடங்கு தடிமனா இருந்தா உங்க பிரச்சனையே அதான்.

கைப்பிடி விஷயம்: கப்பும் கைப்பிடியும் ஒரே அளவு ஈரத்துல இருக்கணும், கப் விரலால அமுக்குனா பள்ளம் விழாத பதத்துக்கு வந்திருக்கணும். ரெண்டு பக்கமும் கீறி, அதே மண்ணுல கரைச்ச குழம்பை தடவி, லேசா ஆட்டி அழுத்துங்க. ஒட்டினதும் பாலிதீன் கவர் போட்டு ஒரு ராத்திரி விட்டா ஈரம் சமமாகிடும். அப்புறமா கவிழ்த்து மரப்பலகையில மெதுவா காய விடுங்க, அடிக்கும் காத்து போகணும்ல.

காஞ்சுதான்னு சந்தேகமா இருந்தா கன்னத்துல வச்சு பாருங்க, சில்லுன்னு இருந்தா ஈரம் இருக்கு. அத சூளையில வச்சா ஆவி வெளிய வர வழியில்லாம வெடிச்சுடும், அதனால 100 டிகிரி செல்சியஸுக்கு கீழயே ரெண்டு மூணு மணி நேரம் பிடிச்சுட்டு அப்புறம் ஏத்துங்க. 573 டிகிரி பக்கத்துல மண்ணுல இருக்க குவார்ட்ஸ்ங்கற கனிமம் திடீர்னு விரியும், ஆறுறப்போ அதே இடத்துல சுருங்கும், ரெண்டு தடவையும் நிதானமா தாண்டணும். ஆறுற நேரத்துல விழுற விரிசல் முடி மாதிரி மெல்லிசா நேரா இருக்கும், காயுறப்போ வந்தது வாய் பிளந்து ஓரம் கரடுமுரடா இருக்கும், நீங்க சொல்றது ரெண்டாவதுதான்.

சுடறதுக்கு முன்னாடியே விரிசல் தெரிஞ்சா மண் குழம்பு வச்சு அடைக்காதீங்க, காஞ்ச மண்ணுல அது பிடிக்காது. தண்ணியில ஊறப் போட்டு திரும்ப பிசைஞ்சுக்கலாம், ஒரு தடவை சுட்டுட்டா அந்த மண் மறுபடி குழையாது.