கறுப்புத் திரைக்குப் பதிலாகப் பிள்ளைகளின் பெயர்: பழைய கணினிக்கு ஒரு லொகின் திரை

கேள்வி: கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வாசிகசாலையில் மாலை வகுப்பு நடத்துகிறேன், சேர். வெளிநாட்டிலுள்ள ஊர்க்காரர்கள் ஐந்து பழைய கணினிகள் தந்தார்கள். எல்லாம் 2 ஜிபி ரேம். லினக்ஸ் வகையான டெபியன் 12 போட்டு, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டொப் சேர்த்தோம். ஆனால் ஒன் பண்ணினால் கறுப்புத் திரையில் பெயர் கேட்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, ‘ஸ்டார்ட்எக்ஸ்’ என்று தட்டினால்தான் டெஸ்க்டொப் வருகிறது. சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்தே பின்வாங்குகிறார்கள். பெயரைத் தெரிவு செய்து உள்ளே போகிற மாதிரித் திரை வைக்க முடியுமா? பெயர்கள் தமிழில் வருமா? கணினி இன்னும் மெதுவாகிவிடுமா?

பதில்: முடியும், டீச்சர். பெயர்கள் தமிழில் வரும். சரியானதைத் தெரிவு செய்தால் கணினி மெதுவாகாது.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த லொகின் திரை பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அதற்குள் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். முதலாவது மனேஜர். கணினி எழும்பும்போதே பின்னணியில் தொடங்கி, படம் காட்டும் எக்ஸ் சேர்வரை எழுப்பி, கடவுச்சொல் சரியா என்று பார்ப்பது அதன் வேலை. இரண்டாவது கிரீட்டர். பெயர்ப் பட்டியல், கடவுச்சொல் பெட்டி, மணிக்கூடு, பின்னணிப் படம் என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அதுதான். மூன்றாவது செஷன். உள்ளே போனபின் எந்த டெஸ்க்டொப்பைத் திறப்பது என்பதை அது சொல்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிழை வரும்போது எங்கே தேடுவது என்பது இதிலிருந்துதான் தெரியும். திரையே வராமல் பழையபடி கறுப்பில் எழுத்து மட்டும் வந்தால் மனேஜர் எழும்பவில்லை. திரை வந்து, பெயர் இருக்கவேண்டிய இடத்தில் சதுரப் பெட்டிகள் தெரிந்தால் அல்லது படம் வராவிட்டால் அது கிரீட்டரின் பக்கம். சரியான கடவுச்சொல் கொடுத்தும் திரை ஒருமுறை மின்னிவிட்டுத் திரும்ப லொகினுக்கே வந்தால் கோளாறு செஷனில். இது தெரியாமல் பலர் டெபியனையே அழித்துத் திரும்பப் போடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை.

எதைப் போடுவது? உங்களுக்கு லைட்டிஎம் என்ற மனேஜரும், ஜிடிகே என்ற கருவித்தொகுதியில் எழுதிய அதன் கிரீட்டரும்தான் பொருத்தம். ரொபர்ட் அன்செல் எழுதிய லைட்டிஎம்மை உபுண்டு தன் 11.10 பதிப்பிலிருந்து பல வருடம் வைத்திருந்தது. லினக்ஸ் மின்ட்டிலும் அதுதான். எக்ஸ்எஃப்சிஇ ஏற்கெனவே ஜிடிகேயில் எழுதப்பட்டது என்பதால் கிரீட்டருக்கென்று பெரிதாக எதுவும் புதிதாக இறங்காது. ஜிடிஎம் என்ற மனேஜர் பக்கம் போகவேண்டாம். டெபியனில் அதைப் போட்டால் க்னோம் ஷெல் என்ற பெரிய டெஸ்க்டொப் முழுவதும் பின்னால் வந்து இறங்கும். 2 ஜிபி ரேமுக்கு அது பாரம். எஸ்டிடிஎம் என்ற மனேஜரும் நல்லதுதான், ஆனால் அது கியூடி என்ற வேறு கருவித்தொகுதியில் எழுதப்பட்டது, எல்எக்ஸ்கியூடி டெஸ்க்டொப் வைத்திருப்பவர்களுக்கு ஏற்றது. ஸ்லிம் என்ற ஒன்றைப் பழைய குறிப்புகளில் பார்ப்பீர்கள். அதை முதலில் எழுதியவர்கள் 2013க்குப் பிறகு புதிய பதிப்பு தரவில்லை, விட்டுவிடுங்கள்.

போடுவதற்கு முன் திரும்பி வரும் வழியைத் திறந்து வையுங்கள். கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நீங்கள் இப்போது பார்க்கும் அதே கறுப்புத் திரை வரும். லொகின் திரை எப்படிக் கெட்டாலும் அங்கே போய்த் திருத்தலாம். ஆனால் ஸ்டார்ட்எக்ஸ் தானாக ஓடட்டும் என்று யாராவது உங்கள் ஹோம் கோப்புறையிலுள்ள டொட் (புள்ளி) புரொபைல் கோப்பில் அந்த வரியைச் சேர்த்திருந்தால், முதலில் அதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திருத்தப் போகிற நேரத்திலும் டெஸ்க்டொப்பே வந்து மறிக்கும்.

அந்தத் திரையும் வராத அளவுக்கு நிலைமை போனால் இன்னொரு வழி இருக்கிறது. ஒன் பண்ணியதும் வரும் கிரப் என்ற தொடக்கப் பட்டியலில் ஆங்கில ‘இ’ எழுத்தை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 3 என்ற எண்ணை மட்டும் சேர்த்து, கொன்ட்ரோலுடன் எக்ஸ் அழுத்துங்கள். அந்த ஒரு தடவை மட்டும் லொகின் திரை இல்லாமல் கணினி எழும்பும்.

சரி, இனிப் போடலாம். கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தருகிறேன். கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். இன்டர்நெட்டுக்குப் போனை யூஎஸ்பி வயரில் இணைத்து டேட்டா கொடுத்தாலே போதும். முதலில் ‘சூடோ ஆப்ட்-கெட் அப்டேட்’. சூடோ என்பது நிர்வாகி உரிமையோடு ஓடச் சொல்வது, ஆப்ட்-கெட் என்பது புரோகிராம்களை இறக்கிப் போடும் கட்டளை. பழைய கணினிகளில் இந்த இடத்திலேயே சிலவேளை தடைப்படும். போர்டிலுள்ள சிஆர்2032 பட்டரி செத்துப்போனால் கணினியின் திகதி பல வருடம் பின்னால் நிற்கும், ‘இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்ற பொருளில் ஆப்ட் மறுத்துவிடும். திகதியைச் சரிசெய்தால் வேலை நடக்கும். ஆனால் பட்டரியை மாற்றுவதுதான் நிரந்தரம். கரண்ட் அடிக்கடி போய்வரும் மாரி காலத்தில் இது இன்னும் முக்கியம்.

அடுத்து ‘சூடோ ஆப்ட்-கெட் இன்ஸ்டோல்’ என்று எழுதி, அதன் பின்னால் இரண்டு பெயர்கள். ஒன்று லைட்டிஎம், இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக. மற்றது லைட்டிஎம், ஜிடிகே, கிரீட்டர் மூன்றையும் ஹைபனால் இணைத்த பெயர். தமிழ் எழுத்துருவுக்கு ஃபொன்ட்ஸ், லோஹித், டிஏஎம்எல் மூன்றையும் அதேபோல ஹைபனால் இணைத்துச் சேருங்கள். கடைசிப் பகுதி அந்த நான்கு ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு இல்லாவிட்டால் பிள்ளையின் பெயர் சதுரப் பெட்டிகளாகத்தான் தெரியும்.

டெபியன் மற்றதையெல்லாம் தானே செய்துவிடும். டெஸ்க்டொப்பிலிருந்து வெளியேறி, கறுப்புத் திரையில் ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் லைட்டிஎம்’ என்று கொடுத்துப் பாருங்கள். வேலை செய்தால் அடுத்த தடவை ஒன் பண்ணும்போது தானாகவே வரும்.

ஆனால் வந்த திரையைப் பார்த்து ஏமாறவேண்டாம். பெயர்ப் பட்டியல் இருக்காது, பெயரைத் தட்டச் சொல்லும் வெற்றுப் பெட்டிதான் இருக்கும். டெபியன் பாதுகாப்புக்காகப் பட்டியலை மறைத்து வைத்திருக்கிறது. ஈடிசி கோப்புறைக்குள் லைட்டிஎம் கோப்புறை, அதற்குள் லைட்டிஎம் டொட் கொன்ஃப் கோப்பு இருக்கிறது. சூடோ உரிமையுடன் நானோ என்ற எழுத்துத் திருத்தியில் அதைத் திறங்கள். ‘சீட்’ என்ற தலைப்பும் நட்சத்திரக் குறியும் சதுர அடைப்புக்குள் இருக்கும் பகுதிக்கு வாருங்கள். அங்கே ‘கிரீட்டர்-ஹைட்-யூசர்ஸ்’ வரி ‘ஃபோல்ஸ்’ என்ற மதிப்போடு ஏற்கெனவே இருக்கிறது, முன்னால் ஒரு ஹேஷ் குறி நின்று அதை முடக்கி வைத்திருக்கிறது. அந்தக் குறியை மட்டும் அழியுங்கள். சேமித்து ரீஸ்டார்ட் செய்தால் பட்டியல் வந்துவிடும். மேலே இன்னொரு பகுதியில் இந்தப் பெயர்களுக்கு விளக்கம் மட்டும் எழுதியிருக்கும், அதைத் தொடவேண்டாம்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. லினக்ஸில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர் உண்டு. கணக்குப் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் இருக்கவேண்டும். முழுப்பெயர் எந்த மொழியிலும் இருக்கலாம், பட்டியலில் லைட்டிஎம் காட்டுவது அந்த முழுப்பெயரைத்தான். ஆகவே ‘சூடோ அட்யூசர்’, அதன் பின்னால் கணக்குப் பெயர் என்று கொடுத்துக் கணக்கைத் தொடங்கி, முழுப்பெயரை அப்போதைக்கு வெறுமையாக விடுங்கள். பிறகு ‘சூடோ யூசர்மொட்’, ஹைபனுடன் சி, இரட்டை மேற்கோளுக்குள் தமிழ்ப்பெயர், கடைசியில் கணக்குப் பெயர். இதை டெஸ்க்டொப்புக்குள் டெர்மினலைத் திறந்துதான் செய்யவேண்டும். கறுப்புத் திரைக்குத் தமிழ் காட்டத் தெரியாது. டெர்மினலிலும் எழுத்துகள் பிய்ந்து தெரியலாம், கவலைப்படாதீர்கள், பதிவது சரியாகவே பதியும்.

ஒரு பிள்ளை கணினியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது தன் பெயரைத் தன் எழுத்தில் என்றால், அந்தக் கணினி தன்னுடையது என்ற எண்ணம் அதற்கு வந்துவிடும். இந்தச் சின்ன வேலையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாக் கணினியிலும் கணக்குத் திறக்கவேண்டாம். கணக்கும் கோப்புகளும் அந்தந்தக் கணினியிலேயே இருக்கும். இன்று இதில் வரைந்த படம் நாளை மற்றதில் கிடைக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கணினியை ஒதுக்கிவிடுங்கள். பட்டியல் கீழே விரியும் வகை, ஏழெட்டுப் பெயர் என்றால் பார்க்க இலகு. மிகச் சிறியவர்களுக்கு ‘தரம் 3’ என்று ஒரே கணக்கு வைத்தாலும் பிழையில்லை. எந்தப் பிள்ளையின் கணக்கையும் சூடோ குழுவில் சேர்க்கவேண்டாம்.

கடவுச்சொல் கேட்காமல் நேரே உள்ளே போகும் வசதியும் அதே கோப்பில் இருக்கிறது: ‘ஓட்டோலொகின்-யூசர்’ வரியின் ஹேஷை எடுத்துக் கணக்குப் பெயரைப் போட்டால் சரி. புத்தகப் பட்டியல் பார்க்க மட்டும் ஒரு கணினி வைப்பதானால் அதற்கு நல்லது. பலர் பகிரும் வகுப்பில் நான் அதை விரும்பமாட்டேன். ஒருவர் வேலையை மற்றவர் தெரியாமல் அழித்துவிடுவார்.

விசைப்பலகையில் ஒரு பொறி இருக்கிறது. டெபியன் போடும்போது தமிழ் விசைப்பலகையை முதலாவதாகத் தெரிவு செய்திருந்தால், கடவுச்சொல் பெட்டியில் விழுவது தமிழ் எழுத்து. புள்ளிகளாகத் தெரிவதால் கண்டுபிடிக்கவும் முடியாது. பட்டியலின் கடைசியில் வேறு பயனர் என்ற பொருளில் உள்ளதைத் தெரிவு செய்தால் பெயர்ப் பெட்டி வரும், அதில் தட்டிப் பாருங்கள். எந்த எழுத்து விழுகிறது என்று தெரிந்துவிடும். ஆங்கிலம் முதலாவதாக இருக்கட்டும். ரெங்கநாதன் முறையோ தமிழ்99ஓ, அந்தத் தமிழ்த் தட்டச்சு முறையை உள்ளே போனபின் ஐபஸ் என்ற தட்டச்சுப் புரோகிராம் மூலம் வைத்துக்கொள்ளலாம்.

பின்னணிக்கு மட்டக்களப்பு வாவியையோ கல்லடிப் பாலத்தையோ வைக்க ஆசைப்படுவீர்கள், நல்லது. படத்தை உங்கள் ஹோம் கோப்புறையில் வைத்தால் வராது. கிரீட்டர் ஓடுவது லைட்டிஎம் என்ற தனிக் கணக்கில், அதற்கு உங்கள் கோப்புறையைத் திறக்க உரிமை இல்லை. யூஎஸ்ஆர், ஷெயார், பெக்கிரவுண்ட்ஸ் என்ற வரிசையில் உள்ள கோப்புறையில் போடுங்கள், எல்லோரும் வாசிக்க அனுமதி இருக்கட்டும். போனில் எடுத்த பெரிய படத்தை அப்படியே போடாமல் திரையின் அளவுக்குச் சுருக்குங்கள். இதற்கெல்லாம் கிரீட்டரின் பெயரோடு ‘செட்டிங்ஸ்’ சேர்ந்த ஒரு புரோகிராம் இருக்கிறது, மவுஸாலேயே செய்யலாம்.

கடைசியாக, கடவுச்சொல் சரியாக இருந்தும் திரும்பத் திரும்ப லொகினுக்கே வரும் நோய். உங்களுக்கு இது வர வாய்ப்பு உண்டு, ஏனென்றால் இவ்வளவு நாள் ஸ்டார்ட்எக்ஸ் வழியாகப் போயிருக்கிறீர்கள். சூடோ போட்டுக் கிராபிக்கல் புரோகிராம் எதையாவது ஓட்டியிருந்தால், ஹோமிலுள்ள ‘டொட் எக்ஸ்ஓதோரிட்டி’ கோப்பு ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் சொத்தாக மாறியிருக்கக்கூடும். கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்2 வழியாகப் போய் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். அடுத்த லொகினில் புதிதாக உருவாகும். அதுவும் இல்லையென்றால் ‘டிஎஃப் ஹைபன்-எச்’ கொடுத்து ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் நிறைந்திருந்தாலும் இதே அறிகுறிதான். ‘சூடோ ஆப்ட்-கெட் கிளீன்’ கொஞ்சம் இடம் மீட்டுத் தரும். இரண்டும் இல்லையென்றால் ஹோமில் ‘டொட் எக்ஸ்செஷன்-எரர்ஸ்’ கோப்பின் கடைசி வரிகளை வாசியுங்கள்.

மற்ற நான்கு கணினிகளுக்கும் திரும்ப டேட்டா செலவழிக்கவேண்டாம். ஆப்ட்-கெட் இறக்கிய கோப்புகள் வார், கேஷ், ஆப்ட், ஆர்கைவ்ஸ் என்ற வரிசையில் உள்ள கோப்புறையில் அப்படியே இருக்கும். வெறும் ஆப்ட் கட்டளை போட்டபின் அவற்றை அழித்துவிடும், அதனால்தான் ஆப்ட்-கெட் என்று எழுதினேன். இடம் மீட்கும் கிளீன் கட்டளையும் அவற்றை அழிக்கும், ஆகவே முதலில் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். அதே டெபியன் 12, அதே 32 பிட் அல்லது 64 பிட் வகை என்றால் மற்றக் கணினிகளில் ‘சூடோ டிபிகேஜி ஹைபன்-ஐ’ மூலம் போடலாம். நீங்கள் திருத்திய லைட்டிஎம் டொட் கொன்ஃப் கோப்பையும் கூடவே கொண்டுபோங்கள்.