கார் வரப்போகிறது, சார்ஜ் போட யாரிடம் அனுமதி கேட்பது?

கேள்வி: மடிப்பாக்கத்தில் 24 வீடுகள் உள்ள அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். கீழே தூண்களுக்கு நடுவே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நாலு மாடி, லிஃப்ட் உண்டு. மின்சார கார் புக் செய்திருக்கிறேன், அடுத்த மாதம் டெலிவரி. அசோசியேஷன் செயலாளர் "ஈ.பி.யில் அனுமதி வாங்கி வாருங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். பொருளாளரோ, பொது உபயோகத்துக்கான காமன் மீட்டரில் எடுத்துக்கொண்டு மாதாமாதம் பணம் கட்டச் சொல்கிறார். ஷோரூமில் அறிமுகமான ஒருவர், 45 ஆயிரம் கொடுத்தால் என் பெயரிலேயே தனி மீட்டர் வாங்கித் தருவதாகவும் அதற்கும் 100 யூனிட் இலவசம் உண்டு என்றும் சொல்கிறார். எங்கள் வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு. இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் அளவில் ஓடும். தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுவேன். எது சரியான வழி?

பதில்: முதலில் அந்த 45 ஆயிரத்தை எடுத்து உள்ளே வையுங்கள்.

மூன்று பேரும் மூன்று வழி சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்குப் பொருந்துவது நாலாவது வழி: உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே கார் நிற்கும் இடத்துக்குத் தனி ஒயர் இழுப்பது. ஸ்டில்ட் கட்டடங்களில் மீட்டர் போர்டு பெரும்பாலும் கீழேதான் இருக்கும். மூன்றாவது மாடியிலிருந்து ஒயரை இறக்க வேண்டியதில்லை. மீட்டரிலிருந்து உங்கள் பார்க்கிங் வரை சுவரோரமாக வந்தால் போதும்.

செயலாளர் கேட்கும் "ஈ.பி. அனுமதி" என்ற காகிதம் எதற்கு? வீட்டில் இருக்கிற இணைப்பிலேயே வாகனத்துக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. 2022-இல் வந்ததிலும் இருக்கிறது, 2024 செப்டம்பரில் வந்ததிலும் இருக்கிறது. உங்கள் மின்பளு (வீடு ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரம்) அனுமதித்த அளவைத் தாண்டுகிறது என்றால் மட்டும் மின்வாரியத்திடம் போக வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன். செயலாளர் கேட்கும் அனுமதியை மின்வாரியத்தின் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ஆபீஸில் போய்க் கேட்டால், "அசோசியேஷன் கடிதம் கொண்டு வாங்க" என்பார்கள். அசோசியேஷனில் கேட்டால் ஈ.பி. கடிதம். இந்த இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் ஆறு மாதம் அலைந்துவிட்டு, கடைசியில் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஒழுங்காகக் கேட்டவரை அலையவிட்டு ஆபத்தான வேலையைச் செய்ய வைக்கிற ஏற்பாட்டுக்கு நிர்வாகம் என்று பெயர்.

இருந்தாலும் அசோசியேஷனின் சம்மதம் உங்களுக்கு வேண்டும். காரணம் வேறு. பார்க்கிங் உங்களுக்கு ஒதுக்கியதாக இருக்கலாம். ஆனால் ஒயர் போகிற சுவர், தூண், மேல்தளம் எல்லாம் எல்லோருக்கும் பொது. பத்திரத்தில் "கார் பார்க்கிங் விற்கப்பட்டது" என்று பில்டர் எழுதிக் கொடுத்திருந்தாலும் அதை ரொம்ப நம்ப வேண்டாம். ஸ்டில்ட் பார்க்கிங்கை பில்டர் தனி வீடு போலப் பிரித்து விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே ஒரு மும்பை வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் "என் இடம், என் இஷ்டம்" என்று ஆரம்பிக்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது அந்தத் தனி மீட்டர் ஆசாமி. இவரைப் போன்றவர்கள் இப்போது ஷோரூம் வாசலிலேயே நிற்கிறார்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. மின்வாகனத்துக்குத் தனி இணைப்பு கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. 2024 பிப்ரவரியில் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளில் அது இருக்கிறது. அதே திருத்தத்தில், பெருநகரங்களில் புது இணைப்பை மூன்று நாளில் தர வேண்டும் என்றும் இருக்கிறது. (மூன்று நாள்! படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள்.) ஆக, உங்களுக்கு ஏற்கெனவே உள்ள உரிமையைத்தான் அவர் 45 ஆயிரத்துக்கு விற்கிறார். விண்ணப்பம் ஆன்லைனில், கட்டணமும் ஆன்லைனில். நடுவில் அவருக்கு என்ன வேலை?

மீதிப் பாதி பொய். வாகன சார்ஜிங்குக்கென்று வாங்கும் இணைப்புக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது, அது வீட்டு உபயோகத்துக்கான சலுகை. அவர் வாங்கித் தருவதாகச் சொல்வது உங்கள் வீட்டுக்கே இன்னொரு வீட்டு இணைப்பு. ஒரே வீட்டுக்கு இரண்டு வீட்டு இணைப்பு வைத்து இலவசத்தை இரண்டு முறை வாங்குகிறவர்களின் இணைப்பை வாரியம் தேடிப் பிடித்து ஒன்றாக்கிக்கொண்டு வருகிறது. பிடிபட்டால் நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு. அவருடைய போன் அன்றைக்கு சுவிட்ச் ஆஃப்.

இவரைவிட நாசூக்கான இன்னொரு வகை உண்டு. "சார்ஜர் இலவசம், நிறுவுவது இலவசம், அசோசியேஷனுக்குச் செலவே இல்லை" என்று நிறுவனத்தின் பெயரில் வருவார்கள். ஒப்பந்தத்தை மட்டும் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். எத்தனை வருஷம், அந்தக் காலத்தில் வேறு யாரும் சொந்த சார்ஜர் வைக்கக் கூடாது என்ற வரி இருக்கிறதா, யூனிட் விலையை யார் எப்போது கூட்டலாம், நடுவில் விலகினால் என்ன அபராதம்? இந்த நாலையும் பார்த்துவிட்டு அப்புறம் அசோசியேஷன் கையெழுத்துப் போடட்டும். யூனிட் விலை இருபது ரூபாயைத் தாண்டி, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தால் அந்த இலவசத்தை நீங்கள் வருஷக்கணக்கில் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பொருளாளர் சொல்லும் காமன் மீட்டர் வழி நல்லெண்ணத்தில் வந்ததுதான். ஆனாலும் வேண்டாம். காமன் மீட்டருக்கு யூனிட் விலை எடுத்த எடுப்பிலேயே எட்டு ரூபாய்க்கு மேல், கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணமும் உண்டு. போதாக்குறைக்கு, எத்தனை யூனிட் ஓடியது என்று மாதாமாதம் சண்டை. இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை எல்லோரும் தப்பாகவே புரிந்துகொண்டு என்னிடம் வாதாடுகிறார்கள். "காமன் மீட்டருக்கு ஐந்தரை ரூபாய்தானே, அரசாங்கமே குறைத்துவிட்டதே?" என்பார்கள். குறைத்தது உண்மை. 2023 அக்டோபரில் அறிவித்தார்கள். ஆனால் யாருக்கு? பத்து வீடுகளோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். மூன்று மாடிகளுக்கு மேல் போகக் கூடாது. லிஃப்ட் இருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். எட்டே வீடு, ஆனால் லிஃப்ட் உண்டு என்றால் கிடையாது. லிஃப்ட் இல்லை, பன்னிரண்டு வீடு என்றாலும் கிடையாது. உங்களுக்கு 24 வீடு, நாலு மாடி, லிஃப்ட். மூன்றிலும் தோற்றுவிட்டீர்கள். தகுதியுள்ள சின்னக் கட்டடங்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தச் சலுகை மாடிப்படி விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் என்று வந்தது. அதில் நாலு கார்களை மாட்டி, ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் படும்படி வைத்து, இருக்கிற சலுகைக்கு வினை தேடிக்கொள்ளாதீர்கள்.

சரி, உங்கள் மீட்டரிலேயே எடுத்தால் செலவு எவ்வளவு? நாளுக்கு 40 கிலோமீட்டர் என்றால் ஆறு, ஏழு யூனிட் போகும். மாதம் 25 நாள் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 320 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. உங்கள் 380 இனி 700 ஆகும். 500-ஐத் தாண்டியதும், 101-இலிருந்து 200 வரைக்கும் இருந்த மலிவு விலை போய்விடும். 500-க்கு மேலே உள்ள ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். முதல் 100 யூனிட் இலவசம் மட்டும் அப்படியே இருக்கும். எல்லாம் கூட்டிக் கழித்தால் காருக்குப் போகும் மின்சாரம் யூனிட்டுக்கு எட்டரை ரூபாய் அளவில் வரும், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள். பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் புகார் சொல்ல எதுவும் இல்லை.

வேகமான சார்ஜருக்கு ஆசைப்படாதீர்கள். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் சார்ஜரை ஷோரூமில் கட்டாயம் போலப் பேசுவார்கள். ராத்திரி எட்டு மணி நேரம் சும்மா நிற்கிற காருக்கு அது எதற்கு? 3.3 கிலோவாட் சார்ஜரில் உங்கள் அன்றாட ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போதும். "இலவச நிறுவுதல்" என்பதிலும் எத்தனை மீட்டர் ஒயர் வரை இலவசம் என்று கேட்டுவிடுங்கள். பத்து, பதினைந்து மீட்டரைத் தாண்டினால் ஒவ்வொரு மீட்டர் ஒயருக்கும் இவ்வளவு என்று தனி பில் வரும்.

பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் ஒயரும் பாதுகாப்பும். ஸ்டில்ட்டில் மோட்டாருக்காகப் போட்ட பழைய 15 ஆம்பியர் பிளக் பாயிண்டில் காரை மாட்டுவதை இப்போதெல்லாம் அடிக்கடி பார்க்கிறேன். கீஸர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். கார் மணிக்கணக்கில் முழுப் பளுவில் இழுக்கும். உள்ளே இருக்கிற தளர்ந்த பித்தளைப் பிடி சூடாகிச் சூடாகி, ஒருநாள் பிளக்கைப் பிடுங்கினால் கை சுடும், மூன்று பின்களில் ஒன்று மட்டும் கறுத்திருக்கும், சாக்கெட்டின் அந்தப் பக்கம் வெண்ணெய் போல இளகியிருக்கும். அதற்கடுத்த கட்டம் தீ. அதனால் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டோ, கார் நிறுவனம் தரும் சார்ஜரோ மட்டும். ஒயர் 6 ஸ்கொயர் எம்எம் காப்பர். 4 போதும் என்பார் எலக்ட்ரீஷியன், இன்றைக்குப் போதும்தான். நாளைக்குப் பெரிய கார் வாங்கினால் சுவரை மறுபடி உடைக்க வேண்டாமே. அலுமினியம் வேண்டவே வேண்டாம். அதற்கென்று தனி எம்.சி.பி. (பளு மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த்திங். ஆர்.சி.சி.பி. இல்லாமல் முடித்துத் தருகிறேன் என்பவரை அந்த நிமிஷமே அனுப்பிவிடுங்கள்.

மூன்று ஃபேஸில் எதிலிருந்து எடுப்பது என்றும் கேளுங்கள். ஏ.சி.யும் கீஸரும் இல்லாத ஃபேஸில் எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி ஏ.சி. போட்டதும் டிரிப் ஆகும். மீட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் அப்புறம்தான் கை வைக்க வேண்டும். மீட்டர் சீலைத் தொட்டாலோ மீட்டருக்கு முன்னால் எடுத்தாலோ அது மின்திருட்டு, மின்சாரச் சட்டம் 135-ஆம் பிரிவு. கட்டடத்தில் ஜெனரேட்டர் இருந்தால் சேஞ்ச்ஓவருக்கு (ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்சுக்கு) முன்னாலேயே எடுக்க வேண்டும். பவர் கட்டில் உங்கள் கார் டீசலைக் குடித்தால் அசோசியேஷன் கூட்டத்தில் அதற்குப் பிறகு வேறு பேச்சே இருக்காது.

நீங்கள் இருப்பது மடிப்பாக்கம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் வந்த 2023 டிசம்பரிலும் உங்கள் ஸ்டில்ட்டில் தண்ணீர் எதுவரை நின்றது என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். சுவரில் கறை இருந்தால் அதற்கு ஒன்றரை அடி மேலே சாக்கெட். கை எட்டுகிற உயரம்தானே என்று இடுப்பளவில் வைத்துவிடுவார்கள்.

மின்பளு: உங்கள் இணைப்புக்கு அனுமதித்த பளு எத்தனை கிலோவாட் என்று மின்வாரிய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கார் சேர்ந்தால் தாண்டும் என்றால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பியுங்கள். இதற்கும் ஏஜெண்ட் தேவையில்லை.

உங்களைப் போல் ஏழெட்டுப் பேர் கார் வாங்கும் நாள் வரும். அப்போது எல்லோரும் ஒரே ராத்திரி பத்து மணிக்கு மாட்டினால் கட்டடத்தின் மெயின் கேபிள் தாங்குமா என்பதை அசோசியேஷன்தான் பார்க்க வேண்டும். மின்வாகனத்துக்கென்று பொதுவாக ஒரு தனி இணைப்பு எடுப்பது அப்போது சரியாக இருக்கும். இன்றைக்கு ஒரு காருக்கு அது வேண்டாம்.

இந்த வாரமே செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். என் சொந்த மீட்டரிலிருந்து என் செலவில், லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரை வைத்துச் செய்கிறேன். ஒயர் இந்த வழியாகப் போகும் (ஒரு படம் வரைந்து இணையுங்கள்). பொதுச் சுவரில் ஏற்படும் சேதத்தை நானே சரிசெய்வேன். வீட்டை விற்றால் அகற்றிக்கொள்வேன் அல்லது வாங்குகிறவரிடம் ஒப்படைப்பேன். இவ்வளவு எழுதினால் போதும். மறுப்பதாக இருந்தால் காரணத்தை 15 நாளுக்குள் எழுத்தில் தரும்படி கடைசியில் சேருங்கள். பிரதியில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.