சிறு சப்ளையர் இடிஐ முறைக்கு மாறத்தான் வேண்டுமா?

எங்களிடம் பொருள் வாங்கும் பெரிய நிறுவனம் இனி மின்னணு முறையில் மட்டுமே ஆர்டர் தருமாம், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மின்னஞ்சலில் பிடிஎஃப் அனுப்புவது இதில் சேராது. அதைப் பார்த்து யாரோ மறுபடியும் தட்டச்சு செய்தாக வேண்டும். வாங்குபவரின் கணினியிலிருந்து ஆர்டர் நேராக உங்கள் மென்பொருளுக்குள் வந்து சேர்வதுதான் இடிஐ எனப்படும் மின்னணுத் தரவுப் பரிமாற்றம். ஐ.நா.வின் எடிஃபாக்ட் தரத்தில் ஆர்டர், சரக்கு வருகை முன்னறிவிப்பு, இன்வாய்ஸ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிச் செய்தி வடிவம் உண்டு.

ஆர்டர்கள் குறைவென்றால், வாங்குபவரின் இணையவாசலில் கையால் பதிவதே போதும். ஆனால் அதில் ஒருங்கிணைப்பு அவர்கள் பக்கம் மட்டுமே நடக்கிறது. உங்கள் பக்கம் இரட்டை வேலை அப்படியே இருக்கும். ஆர்டர்கள் பெருகும்போது, தரவை உங்கள் மென்பொருளுக்கு ஏற்ப மாற்றித் தரும் இடைநிலைச் சேவையை அமர்த்துவது நல்லது.

உண்மையான சிக்கல் மென்பொருளில் இல்லை, பொருள் பட்டியலில்தான் இருக்கிறது. ஒரு பெட்டிக்கு 12 உருப்படி என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் 24 என்று அனுப்புவது உருப்படிகளை; உங்கள் பட்டியலில் அலகு பெட்டி என்றிருந்தால், 288 உருப்படிகள் வண்டியேறிவிடும். மனிதர் படித்தால் சந்தேகப்பட்டுத் தொலைபேசியில் கேட்பார், கணினி கேட்காது. அதேபோல், ஒவ்வொரு பெட்டியையும் தனித்து அடையாளம் காட்ட அதில் ஒட்டும் 18 இலக்க எஸ்எஸ்சிசி எண், நீங்கள் அனுப்பிய சரக்கு வருகை முன்னறிவிப்பில் உள்ளதோடு பொருந்தாவிட்டால், சரக்கு கிடங்கு வாசலிலேயே காத்துக் கிடக்க நேரும். ஆகவே சேவைக்குப் பணம் கட்டுமுன், பொருள் குறியீடு, அலகு, விலை மூன்றையும் வாங்குபவரின் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்திவிடுங்கள்.