முட்டையை எடுத்துவைக்கும் பையன்

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். ஒன்றாம் வகுப்பில் 6 வயதுப் பையன் ஒருவன். அப்பா, அம்மா இருவரும் இறந்துவிட்டார்கள். ஒன்பதாவது படிக்கும் அக்காதான் சமைத்துப் போட்டு வளர்க்கிறாள். இவன் யாரோடும் பேசுவதில்லை, பென்சிலைத் தொட்டால் அடித்துவிடுகிறான். சத்துணவு முட்டையை அக்காவுக்கென்று எடுத்துவைத்துக்கொள்கிறான். மற்ற பிள்ளைகளோடு எப்படிப் பழகவைப்பது?

பதில்: தன் முட்டையை அக்காவுக்கு வைக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பழகத் தெரியாது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, டீச்சர். அவனுக்குப் பழக இதுவரை கிடைத்தது ஒரே ஓர் ஆள்.

மற்ற வீடுகளில் இரண்டு பிள்ளைகள் பொம்மைக்கு அடித்துக்கொண்டால் பெரியவர் யாராவது நடுவில் வருவார். “அவன் கொஞ்ச நேரம் வச்சிருக்கட்டும், அப்புறம் நீ” என்பார். விட்டுக்கொடுப்பதும், சண்டை போட்டுச் சேர்ந்துகொள்வதும் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் வருகின்றன. தண்ணீர் பிடித்து, உலை வைத்து, பள்ளிக்கும் ஓடுகிற பெண்ணுக்கு அதற்கு நேரம் ஏது? “சும்மா இரு”, “கதவைத் திறக்காதே”, “யார் கேட்டாலும் ஒண்ணும் சொல்லாதே” என்றுதான் சொல்லியிருப்பாள். தம்பியைப் பிரித்து ஹோமில் போட்டுவிடுவார்களோ என்ற பயம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உண்டு. வகுப்பில் அவன் வாய் திறக்காதது அக்கா பேச்சைக் காப்பாற்றுவதாகக்கூட இருக்கலாம். எழுப்பி நிறுத்திப் பேசச் சொல்லாதீர்கள்.

தினமும் ஒரே பிள்ளையை அவனோடு உட்காரவைத்துப் பல்லாங்குழி கொடுங்கள். பேச்சே வேண்டாம், ஆனால் தன் முறை வரும்வரை காத்திருந்தே ஆகவேண்டும். பென்சிலுக்குக் கை ஓங்கினால், அவன் சொல்லவேண்டியதை நீங்கள் எடுத்துக்கொடுங்கள்: “என்னோடது, எழுதிட்டுத் தரேன்.”

அக்காவின் சுமை குறையாமல் இதெல்லாம் பாதிதான் பலிக்கும். எய்ட்ஸுக்குப் பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளைகள் தாங்களே குடும்பம் நடத்திய தென்னாப்பிரிக்காவில், 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் அதையும் குடும்பமாக ஏற்றுக்கொண்டது. அங்கேகூட மூத்த பிள்ளைக்கு 16 வயது ஆகியிருக்கவேண்டும், மேற்பார்வைக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும். இவள் ஒன்பதாவதுதான் படிக்கிறாள். பாட்டி, சித்தி யாராவது கூட வந்து இருக்க முடியுமா என்று பாருங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கும் பேசுங்கள், ஆனால் அவளுக்குத் தெரியாமல் பேசவேண்டாம். நம் இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது என்று முதலில் அவளிடம் சொல்லுங்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக்கரங்கள்’ திட்டம் 2025-இல் வந்திருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க நீங்களே கூடப் போங்கள்.

இன்னொன்று. அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புவரை சத்துணவும் முட்டையும் உண்டு. அப்படியிருக்க இவன் ஏன் அக்காவுக்கு முட்டை கொண்டுபோகிறான்? அவள் பள்ளிக்கு ஒழுங்காக வருகிறாளா என்று நாளைக்கே அவளுடைய வகுப்பாசிரியரிடம் விசாரியுங்கள்.