ஷ்டுட்கார்ட் வரப்போகும் தம்பிக்கு

தம்பி, மெர்சிடிஸ்-பென்ஸ் கார் செய்த டைம்லர் கம்பெனியின் முன்னாள் தலைவர் டீட்டர் செட்ஷே இஸ்தான்புல்லில் பிறந்தவராமே, அப்படியென்றால் வெளியூர்க்காரர்களான நாமும் ஜெர்மன் கார் கம்பெனியில் உச்சிக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, சைவச் சாப்பாடு பற்றியும் இரண்டு கேள்வி. வாடகை அதிகம், அரிசி பருப்பு கிடைக்கும், அதை வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அந்த இஸ்தான்புல் கதையை முதலில் விடுங்கள். அவர் ஜெர்மன் பெற்றோரின் பிள்ளை. 1953இல் அங்கே பிறந்தார், விவரம் தெரிவதற்குள் ஜெர்மனிக்கே வந்துவிட்டார். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. கார்ல்ஸ்ரூவில் மின்பொறியியல் முடித்து 1976இல் டைம்லர்-பென்ஸ் ஆராய்ச்சிப் பிரிவில் நுழைந்தவர், 2019 வரை அந்தக் கம்பெனியை விட்டு அசையவில்லை. நடுவில் முனைவர் பட்டம் வாங்கினார், பிரேசில், அர்ஜென்டினா என்று அனுப்பிய இடத்துக்கெல்லாம் போனார். 2000 கடைசியில் டைம்லரோடு இணைந்திருந்த, நஷ்டத்தில் கிடந்த அமெரிக்கக் கார் கம்பெனி கிரைஸ்லரைத் தலையில் கட்டி அமெரிக்கா அனுப்பினார்கள், போன கையோடு 26,000 வேலைகளைக் குறைக்கிறேன் என்று அறிவிக்க வேண்டிய வேலை, யார் ஆசைப்பட்டுப் போவார்கள்? 2006இல் டைம்லர் தலைவரானபோது உள்ளே சேர்ந்து 30 வருஷம் ஆகியிருந்தது. (தூக்கி நிறுத்திய அதே கிரைஸ்லரின் பெரும்பங்கை மறுவருஷமே விற்றதும் அவர் தலைமையில்தான்.)

வெளிநாட்டவர்தான் உதாரணமாக வேண்டுமென்றால் அடுத்து வந்த ஓலா கலேனியஸைப் பாருங்கள். ஸ்வீடன்காரர், பொறியாளர்கூட இல்லை. 1993இல் சேர்ந்து 2019இல் தலைமைக்கு வந்தார், ஜெர்மனைச் சரளமாகப் பேசுவார்.

நம் ஆட்களோ இரண்டு வருஷத்துக்கு ஒரு கம்பெனி தாவுவார்கள், ஆங்கிலத்திலேயே காலத்தை ஓட்டுவார்கள், வாட்ஸ்அப் குழுவில் சம்பளக் கணக்குப் போட்டுவிட்டு வெள்ளைக்காரன் மேலே விடமாட்டான் என்று புலம்புவார்கள். பாரபட்சம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மீட்டிங்கில் எல்லாரும் ஜெர்மனுக்கு மாறியதும் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனிடம் யார் பொறுப்பைக் கொடுப்பார்கள்?

இதைவிட முக்கியமான ஒன்று. உங்கள் வேலை உத்தரவு கார் கம்பெனியின் பெயரில் வந்திருக்கிறதா, இல்லை அதற்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தின் பெயரிலா? நான் அப்படி ஒரு நிறுவனம் வழியாகத்தான் வந்தேன். சீக்கிரமே நேரடி வேலை என்று வாய்ப்பேச்சாகச் சொன்னார்கள், காகிதத்தில் ஒன்றும் இல்லை. ஒரே மாடி, ஒரே வேலை, ஆனால் என் அடையாள அட்டை வேறு நிறம், போனஸ் கிடையாது. செலவைக் குறைக்கிறோம் என்றதும் எங்களைத்தான் முதலில் வெட்டினார்கள். அப்போது ஷ்டுட்கார்ட் பக்கத்து ஊரான போப்ளிங்கனில் ஒரு மேல்மாடி அறையில் இருந்தேன். படிக்கட்டு பெருக்கும் என் முறை வந்தால் வீட்டுக்காரப் பாட்டி விரலால் கைப்பிடியைத் தடவிப் பார்ப்பாள், தூசி இருந்தால் மறுபடி பெருக்க வேண்டும். மாலை வகுப்பில் படித்த ஜெர்மனை அவளிடம்தான் பேசிப் பழகினேன், அவள் பேசியது இந்தப் பக்கத்து வட்டாரப் பேச்சான சுத்த ஷ்வாபியன் வழக்கு. பிறகு ஒரு நேர்முகத்தில் நான் அதே வழக்கில் பேசப்போய் எதிரே இருந்தவர் சிரித்தே விட்டார், அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன்.

சரி, அந்த உத்தரவில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.