லாயத்து ரப்பர் பாய்: மேலே சுத்தம், அடியில்?

தினமும் கழுவுகிறேன். ஆனாலும் காலையில் கதவைத் திறந்தால் நெடி மூக்கைத் துளைக்கிறது. எந்த மருந்து ஊற்றலாம்?

மருந்து இருக்கட்டும், முதலில் பாயைத் தூக்கிப் பாருங்கள். நீங்கள் கழுவுவது மேல்பக்கத்தை மட்டும். இரண்டு பாய்கள் சேரும் இடுக்கு வழியாக மூத்திரம் அடியில் இறங்கித் தேங்கிவிடுகிறது. அதிலுள்ள யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது கிளம்புவதுதான் அந்த அம்மோனியா நெடி. நின்றபடி முகர்ந்தால் பாதிதான் தெரியும். குதிரை படுக்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கண் கரித்தால், குதிரை ராத்திரி முழுக்க அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. வாயால் மூச்சுவிடவும் அதற்கு வராது.

குதிரையை வெளியே கட்டிவிட்டு, படுக்கையாகப் பரப்பிய மரச்சீவலை வாரி, பாய்களைச் சுவரில் சாய்த்து வையுங்கள். தரையில் வழவழவென்று ஒரு படலம் இருக்கும்; அதைச் சுரண்டிக் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். இதில் அவசரம் கூடாது, ஈரத்தோடு பாயைத் திரும்பப் போட்டால் செய்த வேலை வீண். 6க்கு 4 அடியில் முக்கால் அங்குலப் பாய் 40 கிலோவை ஒட்டி இருக்கும். தனியாகத் தூக்காதீர்கள், எனக்கு இடுப்புப் பிடித்ததே இப்படித்தான். ஓரத்தை லாக்கிங் பிளையரால் (கவ்வியபடியே பூட்டிக்கொள்ளும் இடுக்கி) கவ்வி, ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் சுலபம். இதை எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வது என்பதை உங்கள் மூக்கே சொல்லும்.

பிளீச் ஊற்றினால் கிருமி, நாற்றம் இரண்டும் போய்விடாதா?

மூத்திரம் ஊறிய தரையில் பிளீச்சை ஊற்றவே கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சுப்புகை வரும். மனிதன், குதிரை இருவருக்குமே ஆபத்து. அது போக, லத்தியும் அழுக்கும் ஒட்டிய இடத்தில் பிளீச் வேலையும் செய்யாது. முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்து அலசுங்கள். தொற்று நோய் வந்த லாயமென்றால் அதன் பிறகு கிருமிநாசினி. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரம் காயாமல் விட்டு, மறுபடி அலச வேண்டும். மற்ற நாட்களில் சோப்பும் துடைப்பமும் போதும்.

ரப்பர்தான் மெத்தென்று இருக்கிறதே, மரச்சீவல் எதற்கு? செலவுதானே?

ரப்பர் மூத்திரத்தை உறிஞ்சாது. வெறும் பாயில் பெய்தால் காலில் தெறிக்கும். அது பிடிக்காமல் சில குதிரைகள் அடக்கிக்கொள்ளும். நின்றபடி அரைத்தூக்கம் போட்டாலும், ஆழ்ந்த கனவுத்தூக்கத்துக்குக் குதிரை படுத்தே ஆக வேண்டும். வெறும் ரப்பரில் அப்படிப் படுத்து எழும்போது பின்னங்கால் மூட்டு உராய்ந்து புண்ணாகும். ரப்பர் இருப்பதால் சீவலைக் குறைக்கலாம். சரி, எவ்வளவு? பாயில் ஈரம் ஓடாத அளவுக்கு.

தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் பவர் வாஷர் நல்லதா?

பாயை வெளியே எடுத்துப் போட்டு அடிக்கலாம். உள்ளே வைத்து அடித்தால் அழுக்குத் தண்ணீரை நீங்களே அடியில் தள்ளுகிறீர்கள்.

வெயில் காலத்தில் பாய் நடுவில் உப்பி நிற்கிறது. ஆணி அடித்துவிடவா?

ஐயோ, ஆணி வேண்டாம். தலை மேலே கிளம்பினால் நேராகக் குளம்பில் ஏறும். வெப்பத்தில் ரப்பர் விரியும். சுவரை ஒட்டி இறுக்கிப் போட்டதால் இடமில்லாமல் எழும்புகிறது. சுவரோரம் சில மில்லிமீட்டர் வெட்டிவிடுங்கள், படிந்துவிடும். கத்தியை அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ரப்பர் கவ்வாமல் அறுபடும். அப்புறம் அந்தச் சோப்பை அலசாமல் குதிரையை உள்ளே விடாதீர்கள். லாடக் காலுக்குச் சோப்பு ரப்பர் பனிக்கட்டி மாதிரி வழுக்கும்.